முத்துக் கரையின் நலவாழ்வும் என் தந்தையாரும்

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, கொற்கையைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். பள்ளியில் நெடுங்காலம் வரலாறு கற்பித்தவனுக்கு அது எளிய வேலை. பாண்டியரின் துறைமுகம், யவனர் வாணிகம், போர்த்துக்கீசியர் வருகை, வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல், 1908ஆம் ஆண்டின் கோரல் ஆலை வேலை நிறுத்தம் என்று வரிசையாக எழுதிச் சென்றால் பக்கங்கள் நிரம்பிவிடும். ஆனால் அவ்வாறு எழுதப்படும் வரலாற்றில், முத்தெடுத்தவன் எந்தத் தண்ணீரைக் குடித்தான், உப்பு வாரியவள் பெற்ற பிள்ளை எந்த நோயில் போயிற்று என்பன வருவதில்லை. நம் இளைஞர் அறிய வேண்டியது அதுவே எனத் தோன்றிற்று. அதை எழுத முற்பட்டால் என் தந்தையாரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அம்மை குத்துபவராகப் பணியில் சேர்ந்து, சுகாதாரக் கல்வி புகட்டுபவராக ஓய்வு பெற்று, இக்கரையின் ஊர்களில் முப்பத்தைந்து ஆண்டுகள் மிதிவண்டியில் சென்றவர் அவர். ஒரு மகன் எழுதுவதில் மிகை இருக்கும் என்று வாசகர் ஐயுறலாம். அவருடைய குறையையும் இதிலேயே எழுதியிருக்கிறேன்.

தூத்துக்குடியில் ‘தந்தை’ என்ற சொல்லைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருபவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து ஆவார். நவீன தூத்துக்குடியின் தந்தை என்று அவரை இவ்வூரார் போற்றுவர். 1869இல் பிறந்து, ஐந்து முறை நகர்மன்றத் தலைவராக இருந்தவர். அவர் பெற்ற புகழுக்குக் காரணம் தண்ணீர். கடலை ஒட்டிய இம்மண்ணில் தோண்டிய இடமெல்லாம் உவர்நீர். மழையோ வடகிழக்குப் பருவத்தில் சில நாட்கள் பெய்து ஓய்ந்துவிடும். நகராட்சி 1866இலேயே அமைந்துவிட்டது, துறைமுகம் வளர்ந்தது, பஞ்சாலை வந்தது, இரயில் வந்தது. குடிக்க நல்ல தண்ணீர் வருவதற்கு மட்டும் 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில்தான் தாமிரபரணிக் கரையிலுள்ள வல்லநாட்டிலிருந்து குழாய் வழியாக ஆற்று நீர் ஊருக்குள் வந்து சேர்ந்தது. அத்திட்டத்துக்காக அவர் உழைத்த உழைப்பை இவ்வூர் மறக்கவில்லை.

அதே 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள், பம்பாய் மாகாணத்து மகாடு என்னும் ஊரில், அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான நம் மக்களை அழைத்துச் சென்று சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். அக்குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக அவ்வூர் நகராட்சி முன்னரே தீர்மானம் செய்திருந்தது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. குளம் பழையபடியே இருந்தது. நம் சென்னை மாகாணத்திலும் அவ்வாறே. 1924இல் இரட்டைமலை சீனிவாசனார் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பொதுச் சாலைகளும் பொதுக் கிணறுகளும் தாழ்த்தப்பட்டோருக்கும் உரியன என்று அரசு அறிவித்தது. ஆகவே வல்லநாட்டுத் தண்ணீர் வந்தபோது, தெருக்குழாயில் நீர் பிடிக்க நமக்குச் சட்டப்படி தடை ஏதும் இல்லை. இரும்புக் குழாய்க்குச் சாதி தெரியாது. குழாயடியில் நிற்கும் குடங்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஆச்சி கடைசிக் குடமாகவே தண்ணீர் பிடித்துப் பழகியவள். அவள் பிடித்துச் சென்றபின் குழாயின் வாயைக் கழுவிவிட்டுப் பிடித்தவர்களும் உண்டு என்று சொல்லியிருக்கிறாள். மகாடு நிகழ்ச்சியைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழாயடிதான் கண்முன் வரும்.

நல்ல தண்ணீர் இல்லாத கரையில் நோய் எவ்வாறு வாழ்ந்தது என்பதைச் சலாப காலங்களைக் கொண்டு அறியலாம். முத்துச் சலாபம் என்பது ஆண்டுதோறும் நடப்பதன்று. சிப்பிப் பார்கள் விளைந்துள்ளன என்று அரசு கண்டறிந்து அறிவிக்கும் ஆண்டில் மட்டுமே நடப்பது. இடையில் பல்லாண்டுகள் ஒன்றும் இராது. அறிவித்தவுடன் வெறும் மணல் மேட்டில் ஒரு நகரம் முளைக்கும். குளியாட்கள், தோணிக்காரர், ஏலக்காரர், வணிகர், கடைக்காரர் எனப் பெருங்கூட்டம் கூடும். சிப்பியை உடனே பிளந்து முத்தெடுப்பதில்லை. குவித்து வைத்து, சதை அழுகி, ஈயும் புழுவும் தின்று தீர்த்த பின்னரே கழுவி முத்தைப் பொறுக்குவர். அந்நாற்றமும் ஈயும், கூட்டத்தின் கழிவும், கலங்கிய கிணறும் ஒன்றுசேர்ந்தால் வாந்திபேதி வராமல் என்ன செய்யும்? காலரா பரவியதால் பாதியில் கலைந்த சலாபங்களைப் பற்றிய குறிப்புகள் இந்தியக் கரையிலும் இலங்கைக் கரையிலும் உள்ளன. குளித்தெடுத்த சிப்பியில் குளியாளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பன போன்ற கணக்கெல்லாம் நான் படித்த பழைய அறிக்கைகளில் துல்லியமாக இருக்கின்றன. அக்கூட்டத்தின் மலத்தை அள்ளிச் சுமந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கு அவற்றில் என் கண்ணில் படவில்லை.

காலராவின் கிருமியை இராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவில் உறுதி செய்து, அது தண்ணீரின் வழியே பரவுவதையும் காட்டினார். அதன் பின்னரும் 40 ஆண்டுகளுக்கு மேல் இந்நகரம் நல்ல தண்ணீருக்குக் காத்திருந்தது என்பதை இளைஞர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி அம்மைக்கு வருவோம். கடலில் விளைவதற்கும் முத்து என்று பெயர். பெரியம்மையில் உடலில் எழும் கொப்புளத்துக்கும் முத்து என்றே பெயர். “முத்துப் போட்டிருக்கிறது” என்று எங்கள் தெருவில் சொன்னால் எவரும் மகிழ்ந்ததில்லை. வாசலில் வேப்பிலை செருகி, தாளிதத்தை நிறுத்தி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை வீடே மூச்சடக்கி இருக்கும். ஊற்றும் நாள் வராமலே போன பிள்ளைகள் பலர். பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போயிற்று.

ஜென்னர் 1796இல் கண்ட பசுவம்மைப் பால் 1802இல் பம்பாய் வந்து, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் அப்பால் எவ்வாறு ஊர் ஊராகச் சென்றது தெரியுமா? பிள்ளையின் கையிலிருந்து பிள்ளையின் கைக்குச் சென்றது. ஒரு குழந்தைக்குக் குத்தி, எட்டாம் நாள் அக்கொப்புளத்திலிருந்து பாலெடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். அவ்வாறு பால் சுமந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஏழைகளின் பிள்ளைகள், நம் பிள்ளைகள். மேல்சாதியார் பலர் இதனாலேயே அம்மை குத்திக்கொள்ள மறுத்தனர். தாழ்ந்த சாதிப் பிள்ளையின் நீர் தம் பிள்ளையின் உடலில் கலந்துவிடும் என்பது அவர்களுடைய அச்சம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கன்றுக்குட்டியின் தோலில் பால் எடுக்கும் முறை வந்த பின்னரே அச்சிக்கல் ஓய்ந்தது. சென்னைக் கிண்டியில் 1899இல் தோன்றிய கிங் நிலையம் அப்பாலைத் தயாரித்து மாகாணம் முழுமைக்கும் அனுப்பியது. கன்றுக்குட்டியின் நீரை ஏற்றுக்கொண்டவர்கள் நம் குழந்தையின் நீரை ஏற்கவில்லை என்பது வரலாறு.

நம் மக்களும் ஊசிக்கு அஞ்சினர். அதன் காரணம் வேறு. தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்து இலங்கைக்கு அனுப்பிய காலத்தில், நம் பகுதியினர் தட்டப்பாறை முகாமிலும் பின்னர் மண்டபம் முகாமிலும் தங்க வைக்கப்பட்டு, நோய் உண்டா என்று பார்க்கப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பின்னரே கப்பல் ஏற்றப்பட்டனர். ஆகவே எங்கள் ஆச்சி தலைமுறையினருக்கு ஊசி என்பது பிரிவின் அடையாளம். “ஊசி குத்துனா ஊரை விட்டுக் கொண்டுபோயிருவான்” என்று அவள் சொல்லுவாள். அவளுடைய அண்ணன் அப்படிப் போனவர், திரும்பவில்லை. இதை மூடநம்பிக்கை என்று பாடநூல் எழுதும். எனக்கு அவ்வாறு எழுத மனம் வரவில்லை.

அந்த ஆச்சியின் மகன் அம்மை குத்தும் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் மனிதர் அவர். 1950களின் கடைசியில் வேலை கிடைத்தது. சேர்ந்த புதிதில் அவர் கண்டது 1961ஆம் ஆண்டுச் சலாபம். 1955இல் தொடங்கிய வரிசையில் அதுவே இறுதியானது; அதன்பின் இக்கரையில் சலாபம் நடைபெறவில்லை. கரையில் கூடியவர்களுக்குக் காலரா ஊசி போடும் பணிக்கு அவரையும் அனுப்பியிருந்தார்கள். கடலடியில் மூச்சடக்கி நிற்கும் குளியாட்கள் சிறு ஊசியைக் கண்டு ஓடி ஒளிந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒளிந்ததற்கு உரிய காரணத்தையும் அவரே சொல்லுவார்: ஊசி போட்டால் அன்றிரவு காய்ச்சல் வரும், மறுநாள் கடலில் இறங்க முடியாது, இறங்காவிட்டால் பங்கு இல்லை.

இதுவே அவர் கற்ற முதற்பாடம் எனலாம். 1962இல் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கியபின், உப்பள ஊர்களில் வீடு வீடாகச் செல்ல வேண்டியிருந்தது. அப்போது புழக்கத்திலிருந்த கருவி ‘ரோட்டரி லான்செட்’ எனப்படும். சிறு வட்டத்தில் பற்கள் இருக்கும். தோலின்மேல் வைத்து முறுக்க வேண்டும். வலி மிகுதி, புண் ஆற நாளாகும். ஸ்பிரிட் விளக்கில் அதைச் சுடுவதைக் கண்டாலே பிள்ளைகள் அலறுவர். தாய்மார் கதவைச் சாத்திக்கொள்வதற்கு அஞ்ஞானமே காரணம் என்று அறிக்கைகள் எழுதின. உப்பளத்தில் கூலி நாள் கணக்கு. கை வீங்கினால் உப்பு வார முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாய் அளத்துக்குப் போக முடியாது. இதைக் கண்டுகொண்ட என் தந்தையார், அளங்கள் மூடிக் கிடக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துக்கு அவ்வூர்களின் முறையை மாற்றி வைத்தார். மழையில் சேற்றில் மிதிவண்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஆனால் வீட்டில் ஆள் இருந்தது, கதவும் திறந்தது.

மாரியம்மனை அவர் எதிர்த்துப் பேசியதில்லை. “அம்மா வருமுன்னே அவ பாலைக் கையில வாங்கிக்கிடுங்க தாயி” என்பார். கல்லூரியில் படிக்கும்போது இதைக் கேட்டு நான் நாணியிருக்கிறேன். அறிவியலைச் சாமியாடிப் பரப்புவதா என்று அவரிடம் வாதிட்டும் இருக்கிறேன். “நீ சொல்லுத மாதிரி சொல்லி எத்தனை கையில குத்துனே?” என்று கேட்டார். பி.எட். பயிற்சியில் ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு’ என்று ஒரு விதி கற்பித்தார்கள். அதை என் தந்தையார் பயிற்சி இல்லாமலே செய்துவந்தார்.

மற்றத் தெருக்களில் வேறு சிக்கல். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்துவிட்டது. 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமோ அதற்கும் முந்தியது. இரண்டு சட்டங்களும் துணையிருந்தும், முன்வாசல் வழியாகச் செல்ல முடியாத வீடுகள் பல இருந்தன. தெற்கே ஓர் ஊர், பெயர் வேண்டாம். பெரிய வீட்டுப் பேரனுக்கு அம்மை குத்த வேண்டும். தந்தையாரைக் கொல்லைப்புறமாக வரச் சொல்லி, மாட்டுத் தொழுவத்தில் நிறுத்தி, பிள்ளையை அங்கே தூக்கி வந்திருக்கிறார்கள். குத்தி முடிந்ததும் பிள்ளையைத் தலைமுழுக்காட்டக் கிணற்றடிக்குக் கொண்டுசென்றார்கள். “குளிப்பாட்டுனா பால் பிடிக்காது. நான் திரும்பவும் வரணும், திரும்பவும் தொடணும்” என்று அமைதியாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளையை அன்று குளிப்பாட்டவில்லை. அவருக்குத் தாகத்துக்குத் தண்ணீர் மட்டும் உயரத்திலிருந்து இரு கையிலும் ஊற்றினார்கள். இதை அவர் நகைச்சுவையாகவே சொல்லுவார். என் தாயார் மட்டும் சிரிக்க மாட்டார்.

பின்னர் கவடு போன்ற இரட்டை முனை ஊசி வந்தது. அதன் பிளவில் ஒரு சிறு துளிதான் நிற்கும். பதினைந்து முறை விரைவாகக் குத்தினால் போதும், வலி குறைவு, பாலும் வீணாகாது. உலகத்தைப் பெரியம்மையிலிருந்து விடுவித்ததில் இந்தச் சிறு ஊசிக்கும், வெயிலில் கெடாத உலர்த்திய மருந்துக்கும் பெரும்பங்கு உண்டு.

அக்காலத்து வழக்கப்படி ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் காவிக் கட்டியால் வீட்டு எண், ஆட்களின் எண்ணிக்கை, வந்த தேதி ஆகியவற்றை எழுதி வைப்பார்கள். மலேரியாக்காரரும் எழுதுவர், என் தந்தையாரும் எழுதுவார். எங்கள் தெருவின் மண்சுவர்களில் அதற்கு முன் எழுத்து என்று எதுவும் இருந்ததில்லை. என் தந்தையாரின் கையெழுத்து அச்சுப்போல் இருக்கும். பள்ளிக்குச் செல்லும் முன்பே எண்களை அச்சுவர்களில்தான் கற்றேன். என்னைப்போல் கற்ற வேறு சிலரும் இன்று நம் சங்கத்தில் உள்ளனர். ஒரு வீட்டில் 7 என்று எழுதியதை அடுத்த முறை வந்து 6 என்று மாற்றுவதைப் பார்த்து, ஏன் குறைந்தது என்று கேட்டேன். விடை சொல்லாமல் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

1975 மே மாதத்தில் அசாமில் கண்ட ஒரு பெண்ணே இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி. 1977இல் இந்தியாவும், 1980 மே 8ஆம் நாள் உலகம் முழுமையும் பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. மனித குலம் முற்றிலுமாக ஒழித்துக்கட்டிய ஒரே மனித நோய் இதுவே. என் இடக் கையில் அத்தழும்பு உண்டு. 1981இல் பிறந்த என் தங்கைக்கு இல்லை. இளைஞர் சிலர் தம் தோளிலுள்ள காசநோய்த் தடுப்பூசித் தழும்பைக் காட்டி அம்மைத் தழும்பு என்பர். அது வேறு, இது வேறு.

நோய் ஒழிந்தால் அதை ஒழித்தவனுக்கு வேலை என்ன? அம்மை குத்துபவர்கள் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளர்களாக மாற்றப்பட்டனர். என் தந்தையாரைக் காந்திகிராமத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினர். அங்கிருந்து திரும்பும்போது படச் சுருள்களும், அட்டைப் படங்களும், மக்களிடம் பேசுவது எப்படி என்ற ஒரு கையேடும் கொண்டுவந்தார். கையேட்டை ஒருமுறை படித்துவிட்டுப் பெட்டியில் வைத்துவிட்டார். வில்லுப்பாட்டுக்காரர்களைத் தேடிப் போனார். கொடை விழாவில் பாடுபவர்களிடம் சொறி, சிரங்கு, வயிற்றுப்போக்கு, தொழுநோய் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லிக் கொடுத்து, கதைக்கு நடுவே இரண்டு வரி சேர்க்கச் சொல்லுவார். தொழுநோய்க்குக் கூட்டு மருந்து சிகிச்சை 1980களில் வந்தபோது, நோயாளியின் வீட்டில் உட்கார்ந்து காப்பி வாங்கிக் குடிப்பதையே அவர் தம் சொற்பொழிவாகக் கொண்டிருந்தார். தண்ணீரை உயரத்திலிருந்து வாங்கிக் குடித்தவருக்கு அதன் பொருள் தெரியும்.

இதற்கிடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இது புகழ்மாலையாகிவிடும்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஓராண்டில் மட்டும் இந்தியாவில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்யப்பட்டது. ஊழியர் ஒவ்வொருவரும் இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். கொண்டுவராவிட்டால் சம்பளம் நிற்கும். மற்றத் தெருக்களில் மறுத்தவர்கள் மறுத்தே இருந்தனர். அவர்களுக்கு மறுக்கும் வலிமை இருந்தது. ஆகவே இலக்கு யார் தலையில் விடியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. என் தந்தையார் தம் பங்குக்கு அழைத்துச் சென்றவர்களில் ஓர் உப்பளத் தொழிலாளியும் இருந்தார். இரண்டு பிள்ளைகள். தந்தையாரின் சொல்லை நம்பி வந்தவர். அச்சுறுத்தல் எதுவும் இல்லை. நம்பிக்கையால் வந்தார் என்பதே பின்னர் என் தந்தையாரை வாட்டியது. மறுகோடையில் அவருடைய இளைய பிள்ளை வயிற்றுப்போக்கில் இறந்துபோயிற்று. ஒரே நாளில் முடிந்துவிட்டது. அதன்பின் அவர் என் தந்தையாருடன் பேசவில்லை. இதை என் தந்தையார் எனக்குச் சொன்னது ஓய்வு பெற்ற பிறகு. அதுவும் ஒரே ஒருமுறை.

ஆனால் அவர் பணியில் அது எவ்வளவு தூரம் பாய்ந்தது என்பதை நான் அறியாமலே பார்த்திருக்கிறேன். விடுமுறை நாட்களில் என்னை மிதிவண்டியின் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு உப்பளங்களுக்குச் செல்வார். பையில் ஒரு லிட்டர் அளவுப் பாட்டிலும் ஒரு தேக்கரண்டியும் இருக்கும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுகோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே பல்லாயிரவரைப் பிழைக்க வைத்தார். குடல் உப்பைத் தனியே உறிஞ்சுவதைவிடச் சர்க்கரையோடு சேரும்போது நன்றாக உறிஞ்சுகிறது. உப்பின் பின்னே நீரும் போகிறது. இதை நூற்றாண்டின் முதன்மையான மருத்துவக் கண்டுபிடிப்பாக இருக்கலாம் என்று இலண்டன் மருத்துவ இதழ் ஒன்று 1978இல் எழுதிற்று. அவ்விதழின் பெயரும் ‘லான்செட்’ என்பது ஒரு வேடிக்கை.

உப்பளத்தில் உப்பைப் பற்றிப் பேசுவது எப்படி? பாத்தி வரப்பில் பெண்களை உட்கார வைத்து, குவியலிலிருந்து ஒரு சிட்டிகை எடுக்கச் சொல்லுவார். “இதுக்குத்தான் கால் வெடிச்சுக் கிடக்கீங்க. இதுதான் பிள்ளையையும் காப்பாத்தும்.” ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை. கண்ணீரைவிடக் கரிப்பாக இருந்தால் கொட்டிவிட வேண்டும். சர்க்கரை இல்லாவிடில் உப்பிட்ட அரிசிக் கஞ்சி. பேதி நிற்கும் வரை காத்திராமல், தொடங்கியவுடனே கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. “வயிறு காஞ்சாப் பேதி நிக்கும்” என்ற நம்பிக்கை அன்று ஆழமாக இருந்தது. ஒவ்வொருத்தியையும் கலக்கச் சொல்லி, தாமே குடித்துப் பார்ப்பார். ஒரே காலைப் பொழுதில் பதினைந்து பேர் கலந்த நீரைக் குடித்துவிட்டு வீட்டில் சாப்பாடு வேண்டாம் என்று படுத்த நாள் உண்டு. இத்தனை பொறுமை இவருக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது வியந்திருக்கிறேன்.

காய்ச்சிய தண்ணீரைப் பற்றி அவர் பேசாத நாளில்லை. குழாயில் வருவது வல்லநாட்டு நீரானாலும், அது உப்பளத்துக்குச் சென்று சேரும் குடமும், குடத்தில் விடும் கையும் அதனைக் கெடுத்துவிடும் என்பார். விறகுக்கு வழியில்லாத வீட்டில் காய்ச்சு என்று சொல்வது எளிதன்று என்பதையும் அறிந்திருந்தார். உலை வைக்கும்போதே ஒரு செம்பு கூடுதலாக வைத்துப் பிள்ளைக்கு மட்டும் எடுத்து வைக்கச் சொல்லுவார்.

ஓய்வு பெற்றபின், 1995இல் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கியபோது, யாரும் அழைக்காமலே போய் வரிசையை ஒழுங்கு செய்தார். 2014இல் இந்தியா போலியோவிலிருந்து விடுபட்டதாகச் சான்று பெற்றபோது அவர் இல்லை. நம் சங்கம் தொடங்கிய முதல் ஆண்டுகளில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பானை வைத்தவர் அவரே என்பதை மூத்த உறுப்பினர் அறிவர். பானையில் கையை விடாதபடி நீண்ட கைப்பிடியுள்ள அகப்பை ஒன்றைத் தாமே கொல்லரிடம் சொல்லிச் செய்து கொடுத்தார். அது இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது.

அவர் மறைந்த ஐந்தாம் நாள், துட்டி கேட்க வந்தவர்களுள் ஒரு முதியவர் இருந்தார். கால்கள் இரண்டும் உப்பில் வெடித்து மரத்தைப்போல் இருந்தன. திண்ணையில் அமர்ந்தார், யாருடனும் பேசவில்லை. எனக்கு அவரைத் தெரியவில்லை. என் தாயார்தான் காதருகே வந்து இன்னார் என்று சொன்னார். வெயிலில் நடந்து வந்திருந்தார். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டு சற்று நேரம் அதையே பார்த்தார்.

“காய்ச்சுன தண்ணிதானா?” என்று கேட்டார்.

ஆம் என்றேன். குடித்துவிட்டுச் செம்பைத் திண்ணையில் வைத்து, எழுந்து போனார்.